தங்கையின் எடைக்கு வெல்லம்

"14-3-71, ஞாயிறு. தங்கை 38. நான் 84."

ஓர் எடைச் சீட்டின் ஓரத்தில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. அரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. ஏறி நின்று பத்துப் பைசா போட்டால் உள்ளே விளக்குகள் சுழலும். பிறகு தடித்த அட்டையில் ஒரு சீட்டு விழும். ஒரு பக்கத்தில் கிலோ அச்சாகியிருக்கும். மறுபக்கத்தில் யாரோ ஒரு நடிகரின் மங்கிய படமும் ஒரு வரிப் பலனும் இருக்கும். அன்று தங்கைக்கு வந்த பலன் பயணம் பற்றியது. எனக்குப் பொறுமை பற்றி ஏதோ வந்தது. என் சீட்டை நான் வைத்துக்கொள்ளவில்லை. அவள் சீட்டிலேயே என் எடையையும் எழுதி, ஒரு பழைய பாடப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

தேதி போட்டு எழுதிவைப்பது என் வழக்கம். எந்தக் கோடையில் எந்தக் குளம் வற்றியது, திருப்பதி பஸ் எந்த மாதத்திலிருந்து கடைத்தெரு வழியாக வரத் தொடங்கியது என்பது போன்றவற்றையே அதிகம் எழுதியிருக்கிறேன். வீட்டு விஷயங்கள் குறைவு. ஆனால் 1971ஆம் வருஷத்தின் மார்ச்சிலிருந்து ஜூலை வரை வீட்டில் வேறு பேச்சே இல்லாததால், அந்த மாதங்களில் இருப்பதெல்லாம் எடையும் வெல்லமும்தான்.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. அரக்கோணத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் ரயிலில் போய் வந்தேன். தங்கைக்குப் பதினெட்டு. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் திருத்தணியில் மலையடிவாரம் போகும் தெருவில் லுங்கிக் கடை. அவருடைய அண்ணன் தம்பிகள் பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருந்தார்கள். அங்கே நெய்த லுங்கிகள் மூட்டையாகக் கட்டி பஸ் மேல் ஏற்றி எங்கள் கடைக்கு வரும். அம்மாவும் நெசவுக் குடும்பம்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு.

1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதே வருஷம் மழைக்காலத்தில் தங்கைக்கு டைபாய்டு வந்தது. அவளுக்கு ஏழு வயது. மூன்று வாரத்துக்கு மேல் படுக்கையில் கிடந்து, எழுந்தபோது விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தாள். அந்த நாட்களில் அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் மலைமேல் துலாபாரத் தராசில் உட்கார வைத்து, அவள் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக நேர்த்தி.

பிள்ளை பிழைத்தது. நேர்த்தி மட்டும் நின்றுபோயிற்று. அம்மா அதற்குச் சொன்ன காரணம், அவளுக்குச் சதை பிடிக்கட்டும் என்பது. எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளையைத் தட்டில் உட்கார வைத்து, கையளவு வெல்லத்தை முருகனுக்குக் கொடுத்தால் ஏமாற்றுவது போல ஆகாதா என்று கேட்டாள். முதல் வருஷம் அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. பிறகு தங்கை வளர்ந்தாள். உயரம் வந்தது, சதை வரவில்லை. பத்து வயதிலும் இல்லை, பதினைந்திலும் இல்லை. நேர்த்தி ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் அடுத்த கிருத்திகைக்குத் தள்ளிப்போனது.

அம்மா மனத்தில் ஒரு அளவு இருந்தது. நாலு மணங்கு. கிலோக்கணக்கு வந்து பல வருஷம் ஆகியும் அவளுக்கு மணங்குதான் கணக்கு. ஒரு மணங்கு பதினொரு கிலோவுக்குச் சற்று மேலே. நாலு மணங்கு என்றால் நாற்பத்தைந்து கிலோ. ஒரு வயசுப் பெண் அதற்குக் குறைந்து இருக்கக் கூடாது என்பது அவள் தீர்மானம்.

அதை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. நூல் கிடைக்காமலும் துணி விற்காமலும் நெசவாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், கஞ்சித் தொட்டி முன்னால் வரிசையில் பாத்திரத்தோடு நின்றவள் அவள். அவளோடு பிறந்தவர்களில் இரண்டு பேர் அந்த நாட்களில் இளைத்தே போய்ச் சேர்ந்தார்கள். மெலிந்த உடம்பு என்றால் அவளுக்குப் பசி, அதற்கு அடுத்தது சாவு. என் தொடையையும் தோளையும் பார்க்கும்போது அவளுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று உறுதிப்படும். தங்கையைப் பார்த்தால் முடியவில்லை என்று தோன்றும்.

தெருவும் அவளுக்குச் சாதகமாகத்தான் பேசியது. லுங்கி வாங்க வருபவர்கள் நைனாவிடம், "இன்னாங்க, பொண்ணுக்குச் சோறு போடுறீங்களா, இல்ல மிச்சம் புடிச்சிகினு கீறீங்களா?" என்பார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அவளைப் பார்த்து, "அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்பார். "காத்து அடிக்குது, கம்பிய புடிச்சிக்கம்மா" என்று பின்னாலிருந்து ஒருவர் சேர்த்துக்கொள்வார். அலுவலகத்தில் எனக்கு 'ரைஸ் மில் ஓனர்' என்று பெயர். அதைக் கேட்டு நான் சிரிப்பேன். எனக்கு வைத்த பெயரில் மரியாதை இருந்தது, அவளைச் சொன்னதில் இல்லை. இரண்டும் உடம்பைப் பற்றியதுதான்.

அவளுக்குச் சதை பிடிக்க வைக்க அம்மா செய்யாதது இல்லை. காலையில் நேந்திரம் பழம், பதினொரு மணிக்கு எள்ளுருண்டை, மாலையில் வெல்லப் பாகில் உருட்டிய பொரிவிளங்காய், இரவில் சோற்றோடு கெட்டித் தயிர். மருந்துக்கடைக்காரர் சொன்னார் என்று மீன் எண்ணெய் மாத்திரை. ஒரு டானிக் குடித்து ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் கிடந்து, இருந்த சதையும் போனது. எல்லாவற்றிலும் பாதிதான் தங்கை வயிற்றுக்குள் போகும். மீதியை என் பக்கம் தள்ளிவிடுவாள். அம்மாவுக்கும் அது தெரியும். யார் வயிற்றில் போனாலும் பிள்ளை வயிறுதானே என்று விட்டுவிடுவாள்.

வெல்லம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1969 முதல், பொங்கலுக்குப் பிறகு புது வெல்லம் வரும்போது அம்மா நாலு மணங்கு வாங்கி, நாலு சாக்கில் கட்டிக் கடைக்குப் பின்னால் பரண்மேல் வைப்பாள், இந்த வருஷம் எடை வந்துவிடும் என்று. வராது. மழைக்காலத்தில் வெல்லம் கசியத் தொடங்கும். உடனே அதை இறக்கி, எள்ளுருண்டைக்கும் பொரிவிளங்காய்க்கும் எடுத்துவிடுவாள். மலை ஏறின பிறகுதான் அது சாமியுடையது, வீட்டில் இருக்கும்வரை வெறும் வெல்லம்தான் என்பது அவள் ஏற்பாடு. அப்படிப் பார்த்தால் முருகனுக்கு என்று வாங்கிய வெல்லத்தில் கணிசமானது என் உடம்பில் சேர்ந்திருக்க வேண்டும்.

தங்கைக்கு இவை எதிலும் கவனம் இல்லை. அவளுக்குப் பிடித்தது ஓட்டம். பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்பு என்றால் முதல் வரிசையில் நிற்பாள். பொதட்டூர்பேட்டைச் சித்தப்பா வீட்டிலிருந்து தறிக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, கடை திறப்பதற்கு முன் வாசலில் தாண்டிக் குதிப்பாள். விடியற்காலையில் மலைப்படி ஏறி இறங்கி வந்து, கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் சாப்பிடுவாள். ஒன்பது மணிக்குப் படுத்தால் இடி இடித்தாலும் எழ மாட்டாள். சளி, காய்ச்சல் என்று அவள் படுத்ததாக டைபாய்டுக்குப் பிறகு என் குறிப்பில் ஒன்றுமே இல்லை. டானிக் விவகாரம் தவிர.

அவள் டிரில் டீச்சராக விரும்பினாள். உடற்பயிற்சி ஆசிரியைகளுக்கான பயிற்சிக்கு மனுப்போட்டு, 1971 ஜூனில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்திருந்தது. ஜூலை 12, திங்கள்கிழமை சேர வேண்டும். உடல் தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும்.

அம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாமி கடன் பாக்கி கீது. அத்த வெச்சிகினு வெளியூர் போவக் கூடாது" என்றாள்.

கடன் தீர எடை வர வேண்டும். எடை வர எத்தனை வருஷமோ. சென்னையில் இடமோ ஜூலை 12க்கு மேல் காத்திருக்காது.

முதலில் தகுதிச் சான்றையாவது வாங்கிவிடுவோம் என்று அம்மாவையும் தங்கையையும் நான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். தங்கையின் மூச்சையும் நாடியையும் பார்த்தார். கையை நீட்ட, குனிய, நின்ற இடத்தில் குதிக்கச் சொன்னார். குதித்து முடித்த உடனே மறுபடி நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சான்றில் எழுதத் தொடங்கினார்.

அம்மா, "சதை புடிக்க ஒரு டானிக் எழுதிக் குடுங்கம்மா" என்றாள்.

"எதுக்கு?"

"எலும்பா கீறா இல்ல."

"எடை கொஞ்சம் கம்மிதான். ரத்தம் நல்லா இருக்கு, நெஞ்சு நல்லா இருக்கு. சில பேரோட வாகு இப்படித்தான் இருக்கும். சாப்பிடுறாளா?"

"சாப்புடுறா. சாப்புட்டது எங்க போவுதுன்னுதான் தெரியல."

தங்கை என்னைக் காட்டினாள். "அங்க போவுதுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் நாலைந்து படி ஏறி வந்ததற்கு நான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். "இப்படி வந்து உட்காருங்க" என்று கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார். அந்த வயதுக்கு அது அதிகம் என்றார். சான்று தங்கைக்கு, மருந்துச் சீட்டு எனக்கு என்று ஆயிற்று.

"உடம்பு இளைக்கணுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இளைச்சா சரி. உங்க வாகு கனமான வாகு, இளைக்காமலும் போகலாம். எடைய அப்புறம் பாத்துக்கலாம். உப்பக் குறைங்க, நேரத்துக்குத் தூங்குங்க, தினம் நடங்க. இவ்வளவு பெரிய மலைய ஊர்ல வெச்சிகிட்டு என்கிட்ட வந்து கேக்கறீங்களே."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவுக்கு ஆறவில்லை. "கொழுகொழுன்னு கீற புள்ளைக்கு வியாதின்றா. காஞ்ச குச்சியாட்டம் கீறவளுக்கு ஒண்ணுமில்லன்றா. இன்னாத்த படிச்சாளோ." சற்று தூரம் போனதும், "உப்பு இல்லாம எப்பிட்றா சாப்புடுவே?" என்றாள். அதில் கோபம் இல்லை. அவள் முகம் வாடிப்போயிருந்தது.

மறுநாளிலிருந்து நான் தங்கையோடு மலை ஏறத் தொடங்கினேன். அவள் மேலே போய்த் திரும்பி வரும்போது நான் பாதியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன். "பேசிகினே ஏறாதே, மூச்சு பூடும்" என்பாள். "உக்காரணும்னா உக்காரு. ஆனா எறங்கிடாதே." இளைக்க வேண்டும் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. தன் உடம்பைப் பற்றி யாராவது பேசினால் அவளுக்கு எரிச்சல் வரும். பிறர் உடம்பைப் பற்றி அவளும் பேச மாட்டாள்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள், கடை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நைனா பேச்சை எடுத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"பதினோரு வருஷமா சதை வரும், வரும்னு பாத்துகினு கீறோம். அவங்க குடுத்த தேதி தாண்டிட்டா எடத்த வேற ஒருத்திக்குக் குடுத்துடுவாங்க."

"சாமிக்குச் சொன்ன சொல்லு இன்னா ஆவறது?" என்றாள் அம்மா.

"சொன்னத செஞ்சிடு. இந்த ஞாயித்துக்கெழம போவலாம்."

"எட வரலியே."

தங்கை கூழில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். "தட்டு சமமா நின்னா அனுப்புவியாம்மா?"

அம்மா யோசித்தாள். பரண்மேல் அந்த வருஷத்து நாலு சாக்கும் இருந்தன. "நாலு மணங்கையும் மேல கொண்டுபோவோம். நீ தட்டுல உக்காரு. தட்டு நின்னுச்சுன்னா முருகன் போவச் சொல்றான்னு அர்த்தம். போயிடு. நிக்கலேன்னா இந்த வருஷம் இரு."

"பேச்சு மாறக் கூடாது" என்றார் நைனா.

"நான் என்னிக்குப் பேச்சு மாறினேன்?"

"ஆங். சரி" என்றாள் தங்கை. மறுபடி சாப்பிடத் தொடங்கினாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. முப்பத்தெட்டும் நாற்பத்தைந்தும் எப்படி நிற்கும்? மறுநாள் படியில் ஏறும்போது அவளிடம் சொன்னேன். "ரெண்டு பொடவ கட்டிக்க. சொம்பு சொம்பா தண்ணி குடி. கடைல நூல் நிறுக்கற படிக்கல்லு கீது, இடுப்புல கட்டிக்கினா யாருக்குத் தெரியும்?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "முருகன்கிட்டயே கள்ளத் தராசாண்ணா? துணிக்கடைக்காரன் புள்ள புத்தி போவுதா பாரு."

"பின்ன எதுக்கு ஒத்துகினே?"

"நீ ஏறு" என்றாள்.

1971 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கிளம்பினோம். நைனா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டார். தங்கை ஒன்று. நான் ஆம்பிள்ளை, கனமான ஆள் என்பதால் என் தோளில் இரண்டு. அம்மா பூவும் பழமும் தேங்காயும் வைத்த கூடையோடு பின்னால் வந்தாள்.

பத்து நாள் ஏறிய பழக்கத்தில் நான் பாதி வழி போய்விட்டேன். அதற்குமேல் முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நின்றேன். தங்கை தன் சாக்கை மேலே ஒரு மண்டபத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்து, என் தோளிலிருந்து ஒரு சாக்கை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டு ஏறினாள். மண்டபத்துக்குப் போனதும், "அந்தச் சாக்கையும் தூக்கி வைண்ணா" என்று குனிந்தாள். இரண்டு மணங்கு. அவள் எடையில் பாதிக்கு மேல். நான் தூக்கி வைத்தேன். அவள் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு ஒரே சீராக ஏறிப் போனாள். அம்மா ஒரு படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு விசிறுவதற்காகக் கூடையில் இருந்த பனையோலை விசிறியை எடுத்தவள், அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

தரிசனம் முடிந்து தராசு இருந்த இடத்துக்குப் போனோம். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. ஒரு பக்கம் உட்காரும் பலகை, மறுபக்கம் தட்டு. அங்கே தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் நிறுப்பதற்கு இருந்தார். நாலு சாக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"வாங்க, பலகை பலமாத்தான் கீது, பயப்படாம உக்காருங்க" என்றார் என்னிடம்.

"எனக்கில்லீங்க. தங்கச்சிக்கு."

"இந்தப் பொண்ணுக்கா? பின்ன எதுக்கு இத்தன மூட்ட? பாதி ஊருக்குச் சேத்து நிறுக்கப்போறீங்களா?"

தங்கை பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் முதல் சாக்கை அவிழ்த்து, வெல்ல உருண்டைகளை இரண்டு இரண்டாகத் தட்டில் வைத்தார். முதல் சாக்கு முடிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் முடிந்தன. பலகை தரையைவிட்டுக் கிளம்பவில்லை. நாலாவது சாக்கில் கால்வாசி ஆனதும் ஒரு அசைவு தெரிந்தது. அதன்பிறகு அவர் ஒவ்வொன்றாக வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி ஒன்று வைத்தார். பலகை மேலே வந்து, கொஞ்சம் ஆடி, தட்டுக்கு நேராக நின்றது.

"நின்னுச்சு. எறங்கும்மா" என்றார்.

நாலாவது சாக்கில் பாதிக்கு மேல் அப்படியே தரையில் இருந்தது.

"இன்னும் கீதேங்க" என்றாள் அம்மா.

"கீது. தட்டு நின்னுச்சு இல்ல."

"நாலையும் வெச்சிப் பாருங்களேன்."

"நாலையும் வெச்சா பொண்ணு மேல போயி உத்தரத்துல இடிச்சிக்கும். பரவால்லியா?"

பக்கத்தில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கை சங்கிலியைப் பிடித்தபடியே, குரலை உயர்த்தாமல், "அம்மா, தட்டு நின்னுச்சு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தராசு யாருக்குத்தான் நிற்காமல் போகும்? நிற்கும்வரை வைப்பதுதான் அங்கே முறை. கைக்குழந்தைக்கும் நிற்கும், எனக்கும் நிற்கும். சின்ன வயதிலிருந்து தினமும் மலை ஏறி அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலு மணங்கு என்ற அளவு எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான் இருந்தது.

அம்மாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். முகம் முதலில் சிவந்தது. நைனாவைப் பார்த்தாள். அவர் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். இனி என்ன என்று தெரியாமல் நான் மீதிச் சாக்கைத் தூக்கப் போனேன்.

"தொடாதே" என்றாள் அம்மா. "மேல ஏறினத கீழ எறக்கக் கூடாது."

"பின்ன இன்னா பண்றது?"

சாக்கைத் தட்டின் பக்கம் நகர்த்தினாள். பிறகு பெரியவரிடம், "எல்லாத்தையும் எடுத்துக்குங்க. முருகனுக்குன்னுதான் வாங்கினது" என்றாள்.

"எடைக்கு மேல குடுக்கலாமா?" என்று தங்கை பலகையிலிருந்து இறங்கிக்கொண்டே கேட்டாள்.

"குடுத்தா யாரு வேணாம்னாங்க?" என்றார் பெரியவர். கொட்டச் சொல்லி இடத்தைக் காட்டினார்.

நைனா அப்போதுதான் வாய் திறந்தார். "இத்த பதினோரு வருஷம் முன்னாலயே செஞ்சிருக்கலாமே. அவ எடைக்கு ஒரு பங்கு, உன் மனசுக்கு ஒரு பங்கு."

அம்மா காலிச் சாக்குகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து மடித்தாள். "அன்னிக்கு இவ போறேன்னு சொல்லலியே" என்றாள்.

அடிவாரத்துக்கு வந்ததும் அம்மா தங்கையிடம், "அங்க ஆஸ்டல்ல கேவுரு கூழு கெடைக்குமான்னு கேட்டுக்க. வெறும் அரிசியா போடுவாங்க, ஒனக்கு ஒத்துக்காது" என்றாள். பதினொரு வருஷத்தில், சதை பிடிப்பது பற்றி இல்லாமல் தங்கையின் சாப்பாட்டைப் பற்றி அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜூலை 12ஆம் தேதி காலை ரயிலில் நானும் அவளும் போனோம். அரக்கோணத்தில் என்னிடம் சொல்லிக்கொண்டு, தகரப் பெட்டியோடு சென்னை வண்டியில் ஏறினாள். தறிக் கயிறு பெட்டிக்குள் இருந்தது.

அதன்பிறகு நான் தனியாக மலை ஏறினேன். ஆறு மாதம் கழித்து நிற்காமல் மேலே போக முடிந்தது. அம்மா என் தட்டில் உப்பைக் குறைத்தாள். எள்ளுருண்டை செய்வதை நிறுத்தவில்லை, எனக்குக் கொடுப்பதைக் குறைத்தாள். 1973 டிசம்பரில் அதே மருந்துக்கடை மெஷினில் ஏறினேன். 83. இரண்டே முக்கால் வருஷத்தில் ஒரு கிலோ. டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அழுத்தம் சரியாக இருக்கிறது என்றார். எடையைச் சொன்னேன். "அதுக்கென்ன?" என்றார். அலுவலகத்தில் இன்னும் ரைஸ் மில் ஓனர்தான். மாடியில் இருந்த ரிகார்டு அறைக்கு ஆள் வேண்டும் என்றால் ஓனரைக் கூப்பிடுவார்கள், மூச்சு வாங்காமல் ஏறி வருவார் என்று.

தங்கை படித்து முடித்து, பெண்கள் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் ஆயிற்று, இரண்டு குழந்தைகள். உடம்பு அப்படியேதான் இருந்தது. 1984இல் அவள் பள்ளிக்கு ஒரு வேலையாகப் போனேன். மைதானத்தில் மாணவிகளுக்கு உயரமும் எடையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பவர் எடையைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதுவது எல்லா இடத்திலும் நடக்கிற முறை. இங்கே எழுதுகிறவர் மெஷின் பக்கத்திலேயே நின்று, முள்ளைப் பார்த்து, தானே எழுதினார். எடை யார் காதிலும் விழவில்லை. தங்கை செய்த ஏற்பாடு என்று தெரிந்தது. டிரில் வரிசையில் முன்னால் ஒரு பருமனான பெண் நின்று, எல்லோருக்கும் முன்மாதிரியாகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ண ஏன் முன்னால விட்டே?" என்று கேட்டேன்.

"பின்னால விட்டா ஒளிஞ்சிகினே நிக்கும். அதுக்குத் தாளம் நல்லா வருது. ஏன், ஒனக்குப் பாக்கறதுக்கு எதுனா கஷ்டமா கீதா?"

"இல்ல."

"மலை ஏறிகினு கீறியா?"

"ஏறிகினு கீறேன்."

"எட எவ்ளோ கீறே?" என்று அவள் கேட்கவில்லை.

இதுவரை எழுதியதில் சீட்டு, கடிதம், சான்று, தேதி எல்லாவற்றையும் நானே சரிபார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முடியவில்லை. 1960இல் அம்மா முருகனிடம் சொன்ன வார்த்தை என்ன? நைனாவிடம் கேட்டபோது, நேர்ந்துகொண்ட அன்று தாம் பக்கத்தில் இருந்ததாகவும், "பொழச்சா அவ எடைக்கு வெல்லம்" என்பதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னார். பொதட்டூர்பேட்டைச் சித்தி அதை மறுத்தாள். "சதை புடிச்சதும்" என்ற வார்த்தையை அம்மா வாயால் அப்போதே கேட்டதாகச் சொன்னாள். ஆனால் அவள் அந்த மாதம் திருத்தணியில் இருந்தாளா என்பதே எனக்கு உறுதியில்லை. சித்தி சொன்னது சரி என்றால், சாமிக்குச் சொன்ன சொல்லை அம்மா பதினொரு வருஷம் காத்தாள். நைனா சொன்னது சரி என்றால், சதை என்பது பிற்பாடு சேர்ந்தது, மகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள. 1979இல் அம்மாவிடமே கேட்டேன். கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "யாருக்குச் சொன்னேனோ அவனுக்குத் தெரியும்" என்றாள். 1983இல் அவள் போய்விட்டாள். இரண்டில் எது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.